மெடிஷீல்டு லைஃப் மட்டும் போதுமா, தனியார் திட்டமும் சேர்க்க வேண்டுமா?

சிங்கப்பூர் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரிலிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உண்டு. நோய் இருந்தாலும், வயது எத்தனை ஆனாலும் யாரையும் தள்ள முடியாது. முன்பே கடும் நோய் இருந்தவர்கள் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்டுவார்கள், அவ்வளவுதான். சந்தா முழுவதையும் மெடிசேவிலிருந்தே, அதாவது மருத்துவச் செலவுக்கான நம் கட்டாயச் சேமிப்புக் கணக்கிலிருந்தே, கட்டலாம். சிகிச்சை நம் உரிமை என்றால், அதற்கு இங்கே மிக நெருங்கி வருவது இதுதான்.

ஆனால் இதன் அளவு பொது மருத்துவமனையில் அதிக மானியம் உள்ள பி2, சி வகுப்புக் கட்டணத்துக்கு ஏற்றது. தனியார் மருத்துவமனையில் படுத்தால் ரசீதில் சிறு பங்குதான் கணக்கில் வரும்.

மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் காப்புறுதி நிறுவனங்கள் விற்கும் கூடுதல் திட்டத்தில் மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்கலாம். பொறுப்பும் கூடும். பழைய நோயை மறைக்காமல் எழுத வேண்டும்; மறைத்தால் இழப்பீடு கேட்கும் நேரத்தில் மறுப்பார்கள். சொன்னாலும் அந்நோயைக் கூடுதல் காப்பிலிருந்து விலக்கக்கூடும். பலர் சறுக்குவது முதுமையில்: கூடுதல் சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 40 வயதுவரை 300 வெள்ளி, 70 வரை 600, அதற்குமேல் 900தான் எடுக்கலாம். மீதி ரொக்கம். நம் கைச்செலவைக் குறைக்கும் துணைக் காப்பான ரைடருக்கு முழுவதும் ரொக்கம். சம்பளம் நின்றபின் அது கடினம்.

குறைந்த திட்டத்துக்கு இறங்குவது எளிது, நோய் வந்தபின் உயர்ந்த திட்டத்துக்கு ஏறுவது கடினம். ஆகவே 70 வயதுச் சந்தாவை இன்றே முகவரிடம் கேளுங்கள். கட்ட முடியாதெனத் தோன்றினால் பொது மருத்துவமனையின் பி1 வகுப்புவரைக்குமான கூடுதல் திட்டமே போதும். எந்தத் திட்டமானாலும், மானியக் கட்டணத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.