லடாக் பாடத்துக்கு வாங்கிய சுவர் வரைபடம்

மகளின் பள்ளிப் பாடத்துக்காகப் பாரிமுனையில் ஒரு கடையில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். லேமினேஷன் நல்ல கனம். சுருட்டி மின்சார ரயிலில் தாம்பரம் வரை கொண்டுவந்தும் மடிப்பே விழவில்லை.

ஆனால் லடாக்கை இன்னும் ஜம்மு காஷ்மீரோடு சேர்த்து ஒரே மஞ்சளில் அடித்திருக்கிறார்கள்! 2019 அக்டோபர் 31 முதல் அது சட்டமன்றம் இல்லாத தனி யூனியன் பிரதேசம். துணைநிலை ஆளுநர் நிர்வாகம். வரைபடத்தின் மொழிப் பட்டியலில் லடாக்குக்கு உருது மட்டும். 2025இல் உள்ளூர் மொழிகளான போத்தியும் புர்கியும் அங்கே ஆட்சிமொழிகளாகிவிட்டன. தன் மொழி விட்டுப்போனால் யாருக்கும் வலிக்கும். லடாக்கின் பகுதி என்று இந்தியா சொல்லும் அக்சாய் சின்னில் சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் சீனாவின் கட்டுப்பாட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வரிக் குறிப்புகூட இல்லை.

கடையில் மாற்றித் தரவில்லை. வாங்கும்போது கீழ்மூலையில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். இதில் 2016.