ஓசூர் பட்டறையில் ராடு லேத்தைக் கொடுத்தேன், ஜாவை மாற்றிவிட்டார்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் தூண்டில் ராடைச் சொந்தமாகக் கட்டிக்கொள்கிறவர்கள் சொற்பம்தான். ஆனால் சின்ன லேத், டிரில்லிங் மெஷின் என்று சக் (பொருளைக் கடித்துப் பிடித்துச் சுற்றும் பாகம்) வைத்த எதையாவது ரிப்பேருக்கு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

நான் கிரானைட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேஆர்பி அணையிலோ பாரூர் ஏரியிலோ விராலுக்குத் தவளை லூர் (தவளை மாதிரிப் போலி இரை) போட்டுக்கொண்டிருப்பேன். கடையில் வாங்கிய ராடு கைக்குச் சரிப்படாமல்தான் நானே கட்ட ஆரம்பித்தேன். 2019இல், ராடைச் சுற்றவிட்டுக் கைப்பிடி கடைய ஒரு ராடு லேத்தும் பூட்டினேன். ஐந்தடி நீள அலுமினியம் பெட் (எல்லாம் உட்காரும் அடிச்சட்டம்), தையல் மெஷின் மோட்டார், கால் பெடல், மூன்று ஜா (பொருளைக் கடிக்கும் பல்) உள்ள 80 மி.மீ. சக், அந்தச் சக்கைத் தாங்கும் ஹெட் ஸ்டாக்கில் 6204 பேரிங் இரண்டு. கார்க் கைப்பிடி கடைய அது போதும். எபாக்ஸி காயவைக்க நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்று ஓடும் குட்டி மோட்டார் தனியாக இருக்கிறது. அதில் கொஞ்சம் ஆடினாலும் குடி முழுகிப் போகாது. கார்க் கடையும்போது ஆடினால்தான் கைப்பிடி போச்சு.

போன வருஷக் கடைசியில், லேத்தில் சுற்றும்போது பிளாங்க் (கைப்பிடி எதுவும் கட்டாத வெறும் ராடு) ஆட ஆரம்பித்தது. நுனி சாட்டை மாதிரி வீசியது. எனக்கு வந்த பயத்தில் ஹெட் ஸ்டாக்கே போய்விட்டது என்று நினைத்து, நண்பரின் ஆம்னி வேனில் ஏற்றி 50 கிலோமீட்டர் தள்ளி ஓசூருக்குக் கொண்டுபோனேன். ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? போர்டைப் பார்த்து ஒன்றுக்குள் நுழைந்தேன்.

ஓனர் சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். டயல் கேஜ் (எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் கருவி) வைக்கவில்லை. "பேரிங் அவுட் சார். பெட்டும் ட்விஸ்ட் ஆகியிருக்கு. மூணு நாள்ல ரெடி பண்ணிடலாம்." முதல் தப்பு என்னுடையது. என்ன அளவு ஆடுகிறது என்று தெரியாமலே தலையாட்டிவிட்டேன்.

மூன்று நாள் பத்தொன்பது நாள் ஆனது. பையன் ஊருக்குப் போயிருக்கிறான், கரண்ட் இல்லை, பேரிங் பெங்களூரிலிருந்து வரணும். பெங்களூர் ஓசூருக்குக் கூப்பிடு தூரம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன! கடைசியில் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார்: பேரிங் இரண்டு 1,800, சக் சர்வீஸ் 1,500, பெட் லெவல் 2,500, கூலி 1,600. மொத்தம் 7,400. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "அப்ப 18 பர்சென்ட் சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். ஊரெல்லாம் பேசும் கணக்கு எழுதுகிறவன், அங்கே வாயை மூடிக்கொண்டு ஜிபே பண்ணினேன். அந்த ஜிபே ஒன்றுதான் இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம்.

கொடுக்கும்போது ஓட்டியும் காட்டினார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இரண்டங்குலத் துண்டுக் கம்பி ஒன்றைச் சக்கில் கடித்து, வெளியே ஓரங்குலம் மட்டும் நீட்டி, முழு வேகத்தில் விட்டார். "பாருங்க, அசையுதா?" அசையவில்லை. அந்த வேகத்தில் எது சுற்றினாலும் கண்ணுக்குக் கம்பி மாதிரித்தான் தெரியும். ஜா கம்பியைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சாய்வு நீளத்தோடு சேர்ந்து வளரும். 25 மி.மீ.க்கு 0.1 மி.மீ. கோணினால் 300 மி.மீ. தள்ளி 1.2 மி.மீ. விலகியிருக்கும். ஓரங்குலத்தில் அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

வீட்டுக்கு வந்து, புதிதாக வாங்கிய ஏழடி கார்பன் பிளாங்கில் அரையங்குலக் கார்க் வளையம் பத்தை ஒட்டிக் கடைந்தேன். வெளிப்பக்கம் பளபளவென்று உருண்டையாக வந்தது. அடிமுனையைத் திருப்பிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பிளாங்கின் கருப்பு வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. வெர்னியர் வைத்தால் கார்க் ஒரு பக்கம் 7.5 மி.மீ., எதிர்ப்பக்கம் 5.5. கார்க்கைப் பிய்க்கும்போது கத்தி பட்டு பிளாங்கிலும் கீறல் விழுந்தது. கார்பனில் கீறல் விழுந்தால் மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். 3,200 ரூபாய் பிளாங்க் இப்போது தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

என் பெரிய மாமா ரிட்டயர்டு டர்னர். அவர் டயல் கேஜும் ஒரு கிரவுண்ட் ராடும் (துல்லியமாகக் கிரைண்ட் பண்ணிய நேர்க் கம்பி) எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஸ்பேனரை எடுத்ததும், "டேய், அதைக் கீழ வை. எங்க ஆடுதுன்னு தெரியாம எதைடா கழட்டப் போற?" என்று ஒரு அதட்டு.

கம்பியைச் சக்கில் பிடித்து, மோட்டாரைத் தொடாமல் கையால் மெதுவாகச் சுற்றினார். சக் வாய்க்குப் பக்கத்தில் முள் 0.8 மி.மீ. ஆடியது, 150 மி.மீ. தள்ளி 2 மி.மீ. முள் உச்சிக்கு வந்த இடத்தில் கம்பியிலும் அதற்கு நேரே இருந்த ஜாவிலும் மார்க்கரால் கோடு போட்டார். பிறகு சக்கைத் தளர்த்தி, கம்பியை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கினார். உச்சி கம்பியின் கோட்டோடு போயிருந்தால் கம்பி வளைசல். அது போகவில்லை, அதே ஜாவுக்கு நேரே நின்றது. அடுத்து சக்கைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த தண்டான ஸ்பிண்டிலில் டயலை வைத்தார். 0.02 மி.மீ.தான். "பேரிங் ராஜா மாதிரி இருக்கு, சக்குதான் திருடன்."

பேரிங் நன்றாக இருப்பது புதிது என்பதால்தானே என்று ஹெட் ஸ்டாக் மூடியைத் திறந்தேன். 2019இல் பூட்டும்போது வெளி வளையத்தில் அடையாளத்துக்காக மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். இரண்டிலும் அந்தப் பொட்டு அப்படியே சிரித்தது. மேலே புது கிரீஸ் மட்டும் அப்பியிருந்தது. 1,800 ரூபாய் கிரீஸ்!

சக்கைத் துணியால் துடைத்த மாமா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இது என்னடா, பாடியில ஒரு நம்பர், ஜாவுல ஒரு நம்பர்?" என்றார். பாடியில் 0417, மூன்று ஜாவிலும் 2286. ஜாக்களை அந்தந்தச் சக்கிலேயே வைத்துத்தான் கிரைண்ட் பண்ணுவார்கள், ஒன்றின் ஜா இன்னொன்றில் ஏறிவிடும், ஆனால் சென்டர் சொன்ன பேச்சு கேட்காது என்று அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளையாக வாங்கிய அன்று எடுத்த போட்டோ போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஜாவிலும் 0417. இப்போது இருப்பது வாய் தேய்ந்த பழைய செட். முன்பக்கம் அகன்று, உள்பக்கம் மட்டும் பிடிக்கிறது.

கூத்து அதோடு முடியவில்லை. இரண்டு பக்கமும் சென்டர் (கூர் முனை) போட்டு, எதிர்முனையில் தாங்கும் டெயில் ஸ்டாக்கை முன்னால் தள்ளினால் இரண்டு முனையும் ஒன்றையொன்று முத்தமிட வேண்டும். இங்கே ஒன்று இறங்கி நின்றது. டெயில் ஸ்டாக்கைத் தூக்கினால் அடியில் தீப்பெட்டி அட்டை! இறுக்க இறுக்க அமுங்கும் அட்டையை எவனாவது ஷிம்மாக (உயரம் சரிக்கட்டும் தகடாக) வைப்பானா? கூல்டிரிங்ஸ் டின்னைப் பட்டை பட்டையாக வெட்டி வைத்தோம். ஒரு பட்டை கிட்டத்தட்ட 0.1 மி.மீ. வரும். மூன்று போட்டதும் முனை சேர்ந்தது. பெட் லெவல் செய்த 2,500 ரூபாயின் லட்சணம் என்னவென்றால், கோணலான ஆங்கிள் பிரேமில் நான்கு போல்ட்டையும் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். இரண்டு முனையிலும் குறுக்கே ரசமட்டம் வைத்தால் குமிழ் ஆளுக்கொரு திசையில் நின்றது. ஒரு போல்ட்டைத் தளர்த்தியதும் பெட் தானாக நிமிர்ந்தது. அந்தக் காலுக்கு அடியில் தகடு கொடுத்து இறுக்கினோம்.

ஆரம்பத்தில் ஆடியது எதனால்? பிளாங்கை நடுவில் தாங்கும் ரோலர் ஸ்டாண்ட் 4 மி.மீ. இறங்கியிருந்தது, பிளாங்க் அந்த இடத்தில் தொங்கியபடியே சுற்றியிருக்கிறது. அதை ஏற்றி, இரண்டடிக்கு ஒன்றாக இன்னொரு ஸ்டாண்டும் போட்டோம். எந்த பிளாங்கும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது, நுனி கொஞ்சம் வீசத்தான் செய்யும், அதற்கு மெஷினைக் குறை சொல்லக் கூடாது என்பதும் அன்றைக்குக் கற்றது. என் 0417 ஜாவில் காய்ந்த எபாக்ஸி ஏதாவது ஒட்டியிருந்ததா என்று மாமா கேட்டார். அந்த ஜா இருந்தால்தானே பார்ப்பதற்கு?

மாமாவோடு மறுபடி ஓசூர் போனேன். போட்டோவைக் காட்டியதும், "கம்பெனிலயே அப்படித்தான் சார் நம்பர் அடிச்சு அனுப்புவான்" என்றார் ஓனர். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, நான் முப்பது வருஷம் சக் புடிச்சவன்" என்றார். ஓனரின் குரல் இறங்கியது. பேரிங் காசு 1,800 மட்டும் திரும்ப வந்தது. ஜா "தேடிப் பார்க்கணும்" என்றார். இரண்டு மாதமாகத் தேடுகிறார்.

1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அந்த 2286 ஜா மூன்றும் துணியில் சுற்றி என் மேசை டிராயரில் இருக்கின்றன. அவையும் யாரோ ஒருவருடைய சக்கிலிருந்து கழற்றியவைதான். சமீபத்தில் ஓசூரில் சக்கை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியவர்கள், பாடியில் 2286 என்று இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன். உங்கள் சக்கில் 0417 ஜா மாட்டியிருந்தால் அதை எனக்குத் தாருங்கள்.