சூனக்கா, ஸ்டார்மரா? பிரிட்டன் 2024

2024 மே 22 அன்று டவுனிங் தெரு வாசலில், கொட்டும் மழையில் நனைந்தபடி பொதுத் தேர்தலை அறிவித்தார் அன்றைய பிரதமர் ரிஷி சூனக். அன்று முதல் வாக்குப்பதிவு நாளான ஜூலை 4 வரை வாக்காளர்கள் வாயில் அரைபட்டது இரண்டு பெயர்கள்தான்.

சூனக் ஆதரவாளர்கள் நீட்டியது பணவீக்கக் கணக்கை: 2022 அக்டோபரில் 11.1 சதவீதம், 2024 மே மாதம் 2 சதவீதம். உண்மைதான். ஆனால் ஏறிய விலை இறங்கவில்லையே! போதாக்குறைக்கு, இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி தரையிறக்கத்தின் 80ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சியிலிருந்து பாதியில் கிளம்பிவந்து, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். முதியோர் வாக்கை நம்பியிருந்த கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் செய்கிற காரியமா அது?

எதிர்க்கட்சியான லேபர் (தொழிற்கட்சி) தலைவர் கியர் ஸ்டார்மரிடம் அப்படிப் பெரிய சறுக்கல் இல்லை, சுவாரசியமும் இல்லை. தன் அப்பா கருவி செய்யும் தொழிலாளி என்று அவர் மறுபடியும் ஆரம்பித்தபோது தொலைக்காட்சி அரங்கில் சிலர் சிரித்தே விட்டார்கள். ஜூன் 4 விவாதத்தில், லேபர் வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண்டு வரி கூடும் என்று சூனக் திரும்பத் திரும்ப அடித்தார். வழக்கறிஞரான ஸ்டார்மரோ அதை மறுக்கவே நேரம் எடுத்துக்கொண்டார். (அந்தத் தொகை நான்கு ஆண்டுகளுக்கானதாம்!)

வாதத்தில் சூனக் சூட்டிகை, நிதானத்தில் ஸ்டார்மர். என் ஓட்டு நிதானத்துக்கே. ஆனாலும் லேபர் பெற்ற வாக்கு 34 சதவீதத்தைத் தொடவில்லை, நாடாளுமன்ற இடங்கள் மட்டும் 650இல் 411. கன்சர்வேடிவ்கள் மீதிருந்த சலிப்புதான் அதில் பாதி வேலையைச் செய்தது.