தண்ணீர் சேராதவையே நிலைத்தன: வீட்டில் செய்த குளியல் பொருள்களுடன் 4 ஆண்டுகள்

குளியலுக்கும் தோல் பராமரிப்புக்கும் வேண்டியவற்றை இயற்கைப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்து பயன்படுத்தத் தொடங்கி 4 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் சேர்த்த எடையையும் செய்த தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் வாசனையும் நிறமும் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துக் குறித்துவந்தேன். ஏறத்தாழ 15 வகைகளைச் செய்து பார்த்ததில், இன்றும் என் குளியலறையில் இடம்பிடித்திருப்பவை நான்கே: தோலைத் தேய்த்துக் கழுவும் சர்க்கரை ஸ்க்ரப், ஓட்ஸ் பொடி, தேன்மெழுகுத் தைலம், தண்ணீரில் பொங்கிக் கரையும் குளியல் உருண்டை. இந்த நான்குக்கும் உள்ள ஒற்றுமை, இவை எதிலும் தண்ணீர் ஓர் உட்பொருளாகச் சேர்வதில்லை என்பதே.

இதை நான் புரிந்துகொண்டது இரண்டாவது மாதத்தில். புதிதாக வழித்தெடுத்த கற்றாழைச் சோற்றைப் பன்னீரோடும் பாதாம் எண்ணெயோடும் அடித்து, வெண்மையான ஒரு கிரீம் செய்து வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலை முகத்தில் பூசிவிட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் உட்புறத்தில் கடுகளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதில் மெல்லிய இழைகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாமல் அதற்குப் பல நாள் முன்பே நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும் என்பதை எண்ணியபோது உண்மையிலேயே பயம் வந்தது. அந்தக் கிரீமில் விட்டமின் ஈ சேர்த்திருந்தேன். அது எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்துமே தவிர, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்காது. தண்ணீர் சேரும் எதற்கும் முறையான பாதுகாப்புப் பொருள் வேண்டும். அது இல்லாவிட்டால் அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி சில நாள்களை மட்டுமே கூட்டித் தரும்.

நிலைத்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது தேன்மெழுகுத் தைலம். ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய் என்ற எடைக் கணக்கில், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த சிறு கிண்ணத்தில் உருக்குகிறேன். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். உருகியதும் ஒரு கரண்டியின் நுனியில் தொட்டெடுத்து உறைய வைத்து விரலால் தேய்த்துப் பார்த்தால் பதம் தெரிந்துவிடும்; கடினமாக இருந்தால் எண்ணெயும், வழுவழுவென்று ஓடினால் மெழுகும் சிறிது கூட்டலாம். ஷியா என்னும் ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பான ஷியா வெண்ணெய் சேர்த்த முதல் தைலம் இரண்டு வாரத்தில் ரவை போலக் குருணை தட்டியது. கெட்டுவிட்டது என்று கருதி அதை எறிந்தேன்; எறிந்திருக்க வேண்டியதில்லை. அதிலுள்ள வெவ்வேறு கொழுப்புகள் வெவ்வேறு வெப்பநிலையில் உறைவதால், மெதுவாக ஆறும்போது சில கொழுப்புகள் முந்திக்கொண்டு படிகமாகிவிடுகின்றன. மீண்டும் முழுமையாக உருக்கி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவாக ஆற்றினால் வெண்ணெய் போன்ற மென்மை திரும்பிவிடுகிறது. குதிகால் வெடிப்புக்கு இந்தத் தைலத்தை இரவில் பூசிக் காலுறை அணிந்து உறங்கி வந்ததில், மூன்று வாரத்தில் வெடிப்பின் ஓரங்கள் மென்மையாகிக் கூடிவந்தன.

தோல் அரிக்கும் நாள்களில் ஓட்ஸ் குளியலுக்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. சமைக்காத ஓட்ஸை மாவாக அரைத்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பால் போல வெளுத்து அப்படியே நின்றால் அரைத்தது போதும். மாவு உடனே அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். வடிகாலை அடைக்காமல் இருக்க, பொடியை மெல்லிய துணியில் முடிந்து வெதுவெதுப்பான நீரில் பிழிந்துவிடுவதே நல்லது.

சர்க்கரை ஸ்க்ரப்பைப் பொறுத்தவரை, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். ஈரக் கையை ஜாடிக்குள் விட்டால் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால், தேவையானதை மட்டும் உலர்ந்த கரண்டியால் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்கிறேன். முகத்துக்கு இது வேண்டாம். படிகங்களின் கூர்மையை முகத்தோல் தாங்காது. பயன்படுத்திய பின் தரையில் எண்ணெய் படிந்து வழுக்கும் என்பதையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு பங்கு சமையல் சோடாவும் ஒரு பங்கு சிட்ரிக் அமிலமும் சேர்ந்த குளியல் உருண்டை, காற்றில் ஈரம் மிகுந்த நாளில் செய்தால் அச்சிலேயே பொங்கிப் பிளந்துவிடுகிறது. வறண்ட நாளுக்காகக் காத்திருப்பதைத் தவிர நான் கண்ட வழி வேறில்லை.

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தோலுக்கு இதமானதாகிவிடாது என்பதை எலுமிச்சைதான் எனக்கு உணர்த்தியது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கடுமையாகும்; தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்ற பிஎச் அளவில் மிதமான அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சைச் சாறோ 2 அளவுக்குக் கடும் அமிலம். அதைத் தோலில் பூசியபோது வந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாறு பட்ட மணிக்கட்டோடு வெயிலில் நடந்த மறுநாள் தோல் சிவந்து, பிறகு பழுப்புத் தழும்பாகி, அது மறையப் பல வாரங்கள் ஆயின. எலுமிச்சை இனப் பழங்களிலுள்ள ஃபியூரானோகூமரின் என்னும் சேர்மங்கள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து தோலைச் சுடுகின்றன. அன்றிலிருந்து அதை முகத்துக்கும் கைக்கும் கொண்டுபோவதில்லை. நறுமண எண்ணெய்களையும் சொட்டுக் கணக்கில் அல்லாமல் எடை போட்டு, மொத்த எடையில் 1 சதவீதத்துக்குள்ளேயே சேர்க்கிறேன். புதிய கலவை எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் உடலில் பூசுகிறேன்.

வீட்டில் செய்யக்கூடாதது என்று நான் உறுதியாக ஒதுக்கியிருப்பது சன்ஸ்க்ரீன். அது எவ்வளவு காக்கிறது என்பதைச் சோதனைக்கூடத்தில்தான் அளக்க முடியும். அதைக் கடையிலேயே வாங்குகிறேன். முகப்பருவுக்கும் இந்தத் தைலங்கள் எனக்கு உதவவில்லை. தேங்காய் எண்ணெய் சேர்ந்தவை பருக்களைக் கூட்டவே செய்தன.

இப்போது எதையும் 60 கிராமுக்கு மேல் செய்வதில்லை. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் தேதி ஒட்டியிருக்கிறது. தைலத்தின் கடைசிப் பகுதியை விரலால் வழிக்கும் முன், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறேன். தேன் மணத்துக்குப் பதிலாகப் பழைய எண்ணெயின் காறல் வாடை சற்றே தட்டுப்பட்டாலும், மீதி எவ்வளவு இருந்தாலும் அதைத் தோலில் வைப்பதில்லை.