சொரசொர சீலிங்கைச் சுரண்டிக் கொடுத்த கம்பெனி: ஐந்துக்கு மூன்றரை

சுரண்ட வந்த தம்பிகளுக்கு ஐந்துக்கு ஐந்து. விலை பேச வந்தவருக்கு இரண்டு, அதுவும் பெரிய மனசு பண்ணி. இரண்டுக்கும் நடுவே எடுத்தால் மூன்றரை வருகிறது, அதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். கம்பெனி பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், சொல்லமாட்டேன். இந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும் காசு எதற்குப் போகிறது, எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான், அதனால் அதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பூர் ஈசூனில், எண்பதுகளில் கட்டிய வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீடு. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இருப்பதுபோல் சீலிங் முழுக்க மணல் மணலாக ஸ்பிரே அடித்த பூச்சு. கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கம் பலகை அடைத்து வார்த்த தடம், மேடு பள்ளம், சின்னச் சின்னக் குழி எல்லாவற்றோடும்தான் வரும். அதைப் பூசி மட்டமாக்க ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். இந்தப் பூச்சை அடித்துவிட்டால் அத்தனையும் மறைந்துவிடும். கட்டுகிறவருக்கு மிச்சம், குடியிருக்கிறவருக்குத் தலைவலி. ஒட்டடைக் குச்சியை வைத்தால் ஒட்டடை வராது, பூச்சுதான் பொலபொலவென்று உதிரும். துணி போட்டுத் துடைக்கவும் முடியாது. சாமி மேடைக்கு நேர் மேலே வருஷக்கணக்கில் சாம்பிராணிப் புகையும் விளக்குப் புகையும் ஏறி, ஒவ்வொரு பொருக்கின் அடிப்பக்கமும் கறுத்துக் கிடந்தது. அதன்மேல் வெள்ளை அடித்துப் பார்த்தோம், தீபாவளிக்கு அடித்தால் பொங்கலுக்குள் மஞ்சள் கறை மறுபடி எழும்பி வந்துவிடும்.

விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது கட்டடத்தின் வயது. ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார், அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். மனிதவள அமைச்சின் 2014ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் விதிமுறைகளின்படி, 1991 ஜனவரி 1க்கு முன் கட்டிய கட்டடமாக இருந்தால், ஆஸ்பெஸ்டாஸைக் கிளறிவிடக்கூடிய வேலையைத் தொடங்கும் முன் தகுதிபெற்ற ஒருவர் அது இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும். சீலிங் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது மற்ற நாடுகளில் நடந்ததுதான். அமெரிக்காவில் அலங்கார ஸ்பிரே பூச்சுக்கு 1978இல் தடை வந்தது. இங்கிலாந்தில் ஆர்ட்டெக்ஸ் என்ற பிராண்டு வகைச் சீலிங் பூச்சுகளில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, முழுத் தடை 1999இல்தான் வந்தது. அதை வைத்து நம் வீட்டிலும் இருக்கும் என்று பயப்படவும் முடியாது, இருக்காது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயமே இல்லை இது. கொஞ்சம் நனைத்து, சின்னத் துண்டு எடுத்து, பையில் அடைத்து, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். விலை பேச வந்தவரிடம் இதைச் சொன்னதும், "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம், எத்தனை வீடு பண்ணியிருக்கோம்" என்றார். முதல் மதிப்பெண் போனது அங்கேதான். நாங்களே ஒருவரை அழைத்துச் சோதித்தோம், இல்லை என்று அறிக்கை வந்தது, அதற்கு அப்புறம்தான் முன்பணம். இருக்கிறது என்று வந்திருந்தால் அதற்கென்று அனுமதி பெற்றவர்கள்தான் கை வைக்க வேண்டும். சாதாரண ரெனோவேஷன் ஆட்களை ஏணியில் ஏற்றவே கூடாது.

சுரண்டாமலே முடிக்கவும் வழி உண்டு. ஒன்று, கீழே ஜிப்சம் பலகை அடித்து மூடுவது. வீவக வீட்டின் உயரமே சுமார் 2.6 மீட்டர், பொய்க்கூரை போட்டாலும் தரையிலிருந்து 2.4 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி. அதற்கும் கீழே மின்விசிறி தொங்கினால் என் வீட்டுக்காரர் சட்டை மாட்டக் கையைத் தூக்க யோசிக்க வேண்டும். இன்னொன்று, பழைய பூச்சின் மேலேயே ஸ்கிம் கோட், அதாவது மட்டமாக்கும் மெல்லிய பட்டிப் பூச்சு, இழுப்பது. விலை பேச வந்தவர் இதைத்தான் விடாமல் தள்ளினார். மலிவு, சீக்கிரம், தூசி குறைவு, எல்லாம் சரிதான். ஆனால் அடியில் இருக்கும் பூச்சே பிடிப்பு விட்டுப்போயிருந்தால், அதன்மேல் ஏற்றுகிற எடையும் சேர்ந்து ஒருநாள் தகடாகக் கழன்று விழும். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன், கை நிறையப் பூச்சு வந்தது. பேச்சு முடிந்தது, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்த விஷயம் யூடியூப். அதில் தண்ணீர் தெளித்து, கால்மணி நேரம் விட்டு, வெண்ணெய் வழிப்பதாகக் காட்டுவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க வீடு. அங்கே மேலே ஜிப்சம் பலகை, பூச்சின் மேல் பெயின்ட் அடிக்காமலே விட்டிருப்பார்கள். இங்கே மேலே கான்கிரீட், நனைந்தால் கெட்டுப்போகாது என்பது நல்லது. ஆனால் ஒவ்வொரு குடியிருப்பாளரும் மாறி மாறி எமல்ஷன் அடித்திருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது, முத்து முத்தாக நின்று சொட்டும்.

வந்தவர்களில் மூத்தவர் புதுக்கோட்டைப் பக்கம், கூட இரண்டு பங்களாதேஷ் பையன்கள். அந்தப் புதுக்கோட்டைத் தம்பி முதலில் சுரண்டியைத் தொடவே இல்லை. மின்பெட்டியில் விளக்கு, விசிறி இணைப்புகளை அணைத்து, விசிறியைக் கழற்றி, ஏர்கானைச் சுற்றிக் கட்டி, தரையில் இரட்டை பிளாஸ்டிக், சுவர் ஓரமாக மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக், அறை வாசலில் ஒரு திரை. காலை முழுக்க இதுவே ஓடிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்தும் மூன்று பேரும் நல்ல முகக்கவசம் போட்டிருந்தார்கள். சிமென்ட்டிலும் மணலிலும் வருகிற தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. அப்புறம் ஒன்று கவனித்தேன், அவர் சுரண்டியின் இரண்டு முனையையும் அரத்தால் தேய்த்து வட்டமாக்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "முனை குத்துச்சுன்னா அங்கங்க பள்ளம் விழும் அக்கா, பட்டி ரெண்டு மடங்கு தின்னும்" என்றார். முதல் சுற்று காய்ந்தபடியே பொருக்குகளின் தலையை மட்டும் தட்டி விட்டார்கள், பெயின்ட் தோல் உடைந்தது. அதற்கு மேல் தெளிப்பானில் தண்ணீர், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தண்ணீர், அப்போதுதான் பூச்சு பாளம் பாளமாக இறங்கியது. ஈரச் சுண்ணாம்பு வாடை வீடு முழுக்க. நனைத்து எடுத்ததால் தூசி பறக்கவில்லை, சேறாகத்தான் விழுந்தது, பிளாஸ்டிக்கோடு சுருட்டி மூட்டை கட்டிவிட்டார்கள்.

குளியலறை வாசலுக்கு மேலே சுரண்டும்போது சத்தம் மாறியது. கட்டை விரலை மடக்கித் தட்டிக் காட்டினார், மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்டது, அங்கே மட்டும் பொள்ளலாக. ஓரத்தில் துருக் கறை. உள்ளே கம்பி துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைத் தள்ள ஆரம்பித்திருக்கிறது. பழைய வீவக வீடுகளில் சகஜம்தான். போனில் சொன்னதும் விலை பேசியவர் "நாங்களே பேட்ச் பண்ணிடலாம்" என்று தனியாக ஒரு தொகை சொன்னார். தம்பிதான், "பூசி மறைச்சா துரு நிக்காது, வீவகவுல சொல்லிட்டு செய்ங்க அக்கா" என்றார். உண்மைதான். துருவைச் சுத்தம் செய்து, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். வீவகவின் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்குக்கு வந்தால் இப்படிக் கான்கிரீட் உதிர்வதைச் சரிசெய்வதும் அதில் அடக்கம், குடிமக்களுக்கு அந்தப் பகுதிக்குச் செலவில்லை. அந்தத் துண்டை மட்டும் திறந்து விட்டுவிட்டு மற்றதைத் தொடரச் சொன்னோம்.

சுரண்டுவது பாதி வேலைகூட இல்லை. காசு ஸ்கிம் கோட்டுக்குத்தான். சாமி மேடைக்கு மேலே முதலில் கறை தடுக்கும் சீலர் அடித்தார்கள். அப்புறம் பட்டி, கெட்டி இட்லி மாவுப் பதத்தில் கலக்கி, முதல் கை நீளவாக்கில், காய்ந்த பிறகு இரண்டாம் கை குறுக்குவாக்கில். நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் சாயங்கால மழை பெய்தால், அது காய்வேனா என்கிறது. அடுத்த நாளே பெயின்ட் அடித்து முடித்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்ததை நானே கேட்டேன். தம்பி, சுவர் ஓரத்தில் இன்னும் சாம்பல் நிறமாக இருப்பதைக் காட்டி, முடியாது என்று சொல்லிவிட்டார். தேய்ப்பதற்கு வேக்குவம் இணைத்த மெஷின், மூலைகளுக்குக் கையால் உப்புத்தாள். தேய்க்கும்போது ஹால் விளக்கைப் போடாமல் டார்ச்சைச் சீலிங்கை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரிவது சாய்ந்த வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். பெயின்ட் பளபளப்பில்லாத மேட் வெள்ளை. பளபளப்பு இருந்தால் சின்ன மேடுகூட காட்டிக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் ஹாலிலும் பெரிய படுக்கையறையிலும். சின்ன அறைக்கு வந்தபோது அந்தத் தம்பியை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, வேறு ஆட்களை அனுப்பினார்கள். ஒரே கை பட்டி, அவசரத் தேய்ப்பு. அலமாரி மேலே எல்இடி பட்டை போட்டதும் ஜன்னலிலிருந்து கதவுவரை வரி வரியாகத் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு ஒருநாள் "பகலில் தெரியாது மேடம்" என்று வந்தது. பகலில் யார் அந்த அறையில் உட்காரப் போகிறார்கள்? கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருந்தேன், அது ஒன்றுதான் வேலை செய்தது. வந்து மறுபடி இழுத்துக் கொடுத்தார்கள், இப்போது பரவாயில்லை. போதாததற்கு மூட்டை கட்டிய குப்பையை அப்புறப்படுத்தத் தனிக் கட்டணம் என்றார்கள். இதைக் குப்பைக் குழாயில் போடக் கூடாது, புளோக்குக்குக் கீழே வைத்துவிட்டும் போகக் கூடாது, ஒப்பந்தக்காரர்தான் எடுத்துப் போக வேண்டும், ஆகவே விலைப்பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஹால், நடை, இரண்டு அறை சேர்த்து பெயின்ட்டோடு 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தோம், பரிசோதனைச் செலவு தனி. ஸ்கிம் மட்டும் இழுக்க இதில் பாதி விலை சொன்னவர்களும் உண்டு. சனிக்கிழமை மெஷின் ஓட்டட்டுமா என்று கேட்டபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரைச்சலான வேலை வாரநாளில் 9 மணியிலிருந்து 5 மணிவரைதான், மேல்மாடியில் கைக்குழந்தை வேறு. சமையலறைச் சீலிங் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கும் அதே புதுக்கோட்டைத் தம்பி, தொடக்கம் முதல் கடைசி வரை, என்று விலைப்பட்டியலில் எழுதிக் கொடுத்தால் வேலை உங்களுக்கு என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் நீல டிக்தான்.