வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பது? வன்னியிலிருந்து மூன்று வழிகளின் ஒப்பீடு

வெட்கத்தால் குன்றிப்போன ஒருவர் முதலில் யாரிடம் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு மூன்று ஆய்வாளர்கள் மூன்று விடைகளைத் தருகிறார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறையின் ஆய்வுப் பேராசிரியரான பிரெனே பிரவுன், நம்பத்தக்க இன்னொரு மனிதரிடம் போகச் சொல்கிறார். அதே டெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில் உளவியல் கற்பிக்கும் கிறிஸ்டின் நெஃப், முதலில் உங்களிடமே போங்கள் என்கிறார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரத்தின் எழுத்துக்களோ, தனியாளை மட்டும் பாராமல் ஊரையும் பார்க்கச் சொல்கின்றன. போர் முடிந்த வட இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் இருந்த உளவளத்துணைப் பயிற்சிகளில் அதிகம் ஒலித்தது பிரவுனின் பெயரே. 2010 யூன் மாதம் ஹூஸ்டனில் அவர் நிகழ்த்திய இருபது நிமிட உரையை வளவாளர்கள் திரையில் போட்டுக் காட்டுவார்கள். மற்ற இருவரும் ஓரத்தில் நிற்பார்கள். வன்னியைப் பொறுத்தவரை இந்த வரிசை பிழை என்று நான் நினைக்கிறேன்.

பிரவுனின் பலம் அவர் நோயைக் கண்டறியும் விதத்தில் இருக்கிறது. நான் ஒரு பிழை செய்தேன் என்று எண்ணுவது குற்றவுணர்வு, நானே பிழையானவள் என்று எண்ணுவது வெட்கம் என்று அவர் பிரிக்கிறார். 215 பெண்களிடம் கேட்டறிந்து 2006 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த சிந்தனை இது. மறைப்பு, மௌனம், பிறர் தீர்ப்பு ஆகிய மூன்றும் கிடைத்தால் வெட்கம் பெருகும் என்றும், பரிவோடு கேட்கும் ஒருவரிடம் சொல்லப்பட்டால் அது உயிர் பிழைக்காது என்றும் அவர் சொல்கிறார். இந்தப் பிரிப்பு நமக்கு அந்நியமானதன்று. திருக்குறளில் மானத்துக்கு ஓர் அதிகாரமும் நாணுடைமைக்கு வேறோர் அதிகாரமும் இருப்பதோடு, செய்த செயலுக்காக நாணுவது வேறு, இயல்பான கூச்சம் வேறு என்று நாணுடைமையின் முதற் குறளே பிரித்து விடுகிறது. ஆயினும் செய்யாத பிழைக்காக ஒருவர் தன்னையே இழிவாக எண்ணும் நிலையைப் பிரவுன் அளவுக்குத் தெளிவாக விளக்கியவர்கள் குறைவு. இடப்பெயர்வில் பிள்ளையின் கையைத் தவறவிட்ட தாய், தான் கெட்டவள் என்று இத்தனை ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருப்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அவருடைய சொற்களே உதவின.

ஆனால் அவர் தரும் மருந்துக்கு வன்னியில் முதலில் ஒரு பெயரே கிடைப்பதில்லை. மனம் காயப்படலாம் என்று தெரிந்தும் திறந்து நிற்பதைக் குறிக்க அவர் ஆளும் vulnerability என்ற ஆங்கிலச் சொல், இங்கே நிவாரணப் படிவங்களின் வழியாக "எளிதில் பாதிக்கப்படக்கூடிய குடும்பங்கள்" என்ற தொடராக ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போடும் பட்டியலில் கணவனை இழந்தவரா, மாற்றுத்திறனாளி உண்டா என்று கேட்கும் கட்டங்களை நிரப்பிய பெண்ணிடம், அந்த நிலைமைதான் துணிவின் பிறப்பிடம் என்று சொன்னால் அவர் எதை விளங்கிக்கொள்வார்? மனந்திறத்தல் என்று மொழிபெயர்ப்பதே ஓரளவு கிட்ட வரும்.

பெயரை விடவும் பெரிய சிக்கல், கேட்கும் காது. பரந்தன் முல்லைத்தீவு வீதியோரக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், குழுவாக எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக் காசு கட்ட முடியாமல், செவ்வாய்க்கிழமைகளில் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றதும் சின்ன மகளின் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் குந்தியிருப்பார். ஒரு பயிற்சிப் பட்டறையில் வளவாளர் தூண்டியதால், இருபத்தைந்து பேர் இருந்த மண்டபத்தில் அதைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த கிழமை சங்கக் கடையில் இன்னொருத்தி அந்தக் கதையை அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னாள். அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

பிரவுனுக்கு மௌனம் என்பது வெட்கத்தின் தீனி. வன்னியில் மௌனம் நெடுங்காலம் உயிர்காக்கும் பழக்கமாகவும் இருந்தது. எவர் எவரிடம் எதைச் சொல்வார் என்று தெரியாத ஆண்டுகளில் வாயை மூடிப் பிழைத்தவர்களிடம், வாயைத் திறப்பது குணம் தரும் என்று ஒரே பிற்பகலில் சொல்லிவிட முடியாது. சொன்னவர்களுக்கும் என்ன கிடைத்தது? 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தொடங்கிப் பின்னர் வந்த ஆணைக்குழுக்கள் வரை, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அதே கதையை அதே கண்ணீரோடு சொல்லிவிட்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டப் பந்தல் போட வேண்டியிருந்தது. பரிவற்ற காதில் விழும் சொல் வெட்கத்தைக் கரைப்பதில்லை, இன்னொரு முறை கீறுகிறது.

இதைப் பிரவுன் அறியாதவர் அல்லர். கதையைக் கேட்கும் தகுதியைச் சம்பாதித்தவர்களிடம் மட்டுமே சொல்ல வேண்டும் என்றும், எல்லை இல்லாமல் கொட்டுவது மனந்திறத்தல் ஆகாது என்றும் அவர் எழுதியிருக்கிறார். தம் மகளின் வகுப்பாசிரியை நல்ல காரியம் நடக்கும்போதெல்லாம் ஒரு போத்தலில் போளை போட்டு நிரப்பியதை உதாரணமாகக் கொண்டு, நம்பிக்கையும் அப்படிச் சிறுகச் சிறுகவே நிரம்பும் என்கிறார். அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பட்டறைகளில் துணிவைப் பற்றிய வரிகள் வருகின்றன, போளைப் போத்தல் வருவதில்லை. அந்தக் குறையை அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் போத்தல் நிரம்பும் வரை அந்தப் பெண் எங்கே போவது என்பதற்கு அவரிடம் போதிய விடை இல்லை.

அந்த இடைவெளியில் நெஃப் உதவுகிறார். தன்பரிவை அளக்கும் கருவியை 2003 இல் வெளியிட்ட அவர், தன்மீது கனிவு, இந்தத் துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று என்ற உணர்வு, நோவைப் பெருக்காமலும் மறைக்காமலும் கவனித்தல் ஆகிய மூன்றையும் வலியுறுத்துகிறார். இதற்குக் கேட்பவர் தேவையில்லை, ஆகவே கதை வெளியே போகும் ஆபத்தும் இல்லை. நித்திரை வராத இரவில், அக்காவுக்கு இது நடந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள், அதையே உங்களுக்கும் சொல்லிப் பாருங்கள் என்று கேட்டால் பலர் அழுதுவிடுகிறார்கள். எனினும் செவ்வாய்க்கிழமை படலையடிக்கு வருபவர் அதனால் வராமல் விடப்போவதில்லை. வெளியே இருந்து சுமத்தப்பட்ட வெட்கத்துக்கு உள்ளே மட்டும் மருந்து தடவுவதாக இது முடிந்துவிடக் கூடும்.

சோமசுந்தரம் 2007 இலும், வன்னியைப் பற்றித் தனியாக 2010 இலும் எழுதிய ஆய்வுகள் கூட்டு உளவடுவைப் பற்றியவை. போர் தனிமனங்களோடு குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்தியது என்றும், பரஸ்பர அவநம்பிக்கையும் மௌனமும் அந்தக் காயத்தின் அடையாளங்கள் என்றும் அவர் காட்டுகிறார். ஊர்மட்டப் பணியாளரைப் பயிற்றுவிப்பது, குடும்ப உறவுகளை மீளக் கட்டுவது, சடங்குகளுக்கு இடம் கொடுப்பது ஆகியவை அவர் முன்வைக்கும் வழிகள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் ஒரு பெண் வாய்விட்டு அழுதால் காரணம் கேட்பவர் இல்லை என்பதைக் கண்டவர்களுக்கு, கதையைச் சொல்லாமலே பாரம் இறங்கும் இடங்கள் உண்டு என்பது புரியும். ஆனால் இந்த வழிக்கும் ஒரு பெருங்குறை உண்டு. வெட்கப்படுத்துவதும் அதே ஊர்தான். கணவன் காணாமல் போனவள் பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. முன்னாள் போராளியாகப் புனர்வாழ்வு பெற்றுத் திரும்பிய பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஊர் என்ன பேசும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஊரை நம்பி விடுவதற்கு முன் ஊருக்குள் ஒரு சிறு வட்டத்தை உருவாக்க வேண்டியிருக்கிறது, அந்த வட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ளப் பிரவுனின் போளைப் போத்தல் மறுபடியும் தேவைப்படுகிறது.

ஆகவே என்னிடம் பணமும் நாட்களும் அளவாகவே இருந்தால், அவற்றை மண்டபத்துக்கும் திரைக்கும் செலவிடாமல், ஏழெட்டுப் பெண்கள் கிழமைக்கொரு நாள் கூடி ஏதாவது வேலை செய்யும் முற்றத்துக்கே கொடுப்பேன். மேலே சொன்ன அந்தப் பெண் பல மாதங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தது அப்படியொரு முற்றத்தில்தான். விதைக்கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம். எல்லோருடைய கண்ணும் சுளகில் இருந்தது. யாரும் யாரையும் பேசச் சொல்லவில்லை. கோதைத் தள்ளிவிட்டுக்கொண்டே ஒரு வயதான அம்மா, "செவ்வாய்க்கிழமை விடிஞ்சா எனக்கு வயித்தைக் கலக்கும் பிள்ளை" என்றார். சுளகில் கச்சான் விழும் சத்தம் சற்று நின்றது. பிறகு அந்தப் பெண் தலை நிமிராமலே, "எனக்கும் அம்மா" என்றார்.