‘மேலுக்கு முடியலை’ என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குடும்ப மருத்துவர்களுக்கான 8 மாதப் படிப்பு ஒன்றைப் பற்றி

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகே 14 ஆண்டுகளாகச் சிறிய கிளினிக் நடத்திவரும் நான், சென்ற ஆண்டு 8 மாதங்கள் ஓர் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பில் மாணவனாக இருந்தேன். நோயாளிகள் முதலில் நாடும் மருத்துவரின் நிலையில் நடக்கும் முதல்நிலை மருத்துவ ஆராய்ச்சியையும் மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் என்ற துறையையும் சேர்த்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் படிப்பு அது. கட்டணம் 38,000 ரூபாய். சனிக்கிழமை இரவுகளில் இரண்டு மணி நேர வகுப்பும், இடையில் இரண்டு முறை நேரில் சென்று கலந்துகொள்ளும் பயிலரங்கும் உண்டு. குறைகளையும் எழுதப்போவதால், நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

துறையின் பெயரைத் தமிழில் பலரும் ‘மருத்துவ மானுடவியல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு துறை. நோயையும் மருத்துவத்தையும் இலக்கியம், வரலாறு, மெய்யியல், ஓவியம், நாடகம் ஆகியவற்றின் வழியாக ஆராய்வது இது. பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதுவது குழப்பத்தைக் குறைக்கும் என்பது என் எண்ணம்.

முதல் மாதப் பாடம்தான் கட்டணத்தில் பாதியை ஈடுசெய்தது என்பேன். 1961-இல் மருத்துவ ஆராய்ச்சியாளர் கெர் ஒயிட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்றிலிருந்து அது தொடங்கியது. வயதுவந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறைவு ஏற்படுகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். நாங்கள் கல்லூரியில் படித்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஒருவரை வைத்து எழுதப்பட்டவை. மீதி 249 பேரும் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியை அவர்களைத் தினமும் பார்ப்பவர்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை. இந்த ஊரில் அந்த ஒருவருக்கு வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போகும் வசதி இருக்கிறது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் மற்றவர்கள், அரசு மருத்துவ நிலையமான குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தின் ஓ.பி. சீட்டையும் என் மருந்துச்சீட்டையும் ஒரே மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் நடக்கிறார்கள்.

கிராமத்து மருத்துவர்கள் தம் ஊரை விட்டு நகராமலே ஆராய்ச்சி செய்த கதைகளும் அந்த மாதத்தில் வந்தன. இங்கிலாந்தின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் மருத்துவராக இருந்த வில்லியம் பிக்கிள்ஸ், யார் யாரை எந்த நாளில் சந்தித்தார்கள் என்பதைக் கேட்டுக் குறித்துவைத்தே, மஞ்சள் காமாலை தொற்றிய நாளிலிருந்து வெளிப்பட எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார். 1939-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் என்பதால்தான் அது முடிந்தது. வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமான கிளின்காரக்கில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் அது அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று அதற்குப் பெயர். இப்பாடத்தை நடத்திய ஆசிரியர், வாரத்தில் பாதி நாள் நோயாளிகளையும் பாதி நாள் பல்கலைக்கழகத்தையும் பார்த்து ஓய்வுபெற்றவர். அப்படியும் ஒரு பணிவாழ்க்கை உண்டு என்பதை எனக்கு 40 வயதுக்கு மேல்தான் ஒருவர் காட்டினார்.

மூன்றாம் மாதத்தில் ஒரு பயிற்சி. நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் உரையாடலைப் பதிவுசெய்து, அதை நாமே சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். மருத்துவர்கள் சராசரியாக 18 நொடிகளில் நோயாளியின் பேச்சில் குறுக்கிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பெக்மனும் ஃபிராங்கலும் 1984-இல் கண்டறிந்ததை முந்தைய வாரம்தான் படித்திருந்தோம். நான் அப்படியெல்லாம் செய்பவன் இல்லை என்ற நம்பிக்கையுடன் பதிவை ஓடவிட்டேன். பல ஆண்டுகளாக என்னிடம் சர்க்கரை நோய்க்கு வரும், 70 வயதைக் கடந்த ஓர் அம்மாளின் பதிவு அது.

“மேலுக்கு முடியலைங்க டாக்டரு. ராத்திரி படுத்தாக் காலு ரெண்டும் என்னுது இல்லைங்கற மாதிரி…” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “சுகர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா அம்மா?” என்ற என் குரல் வருகிறது. ஒன்பதாவது நொடி. அதற்குப் பிறகு நான்கு நொடி மௌனம், நாற்காலி நகரும் சத்தம், பிறகு, “சாப்பிடறேனுங்க.” அறையில் இருந்தபோது அந்த மௌனத்தை நான் கவனிக்கவே இல்லை. எழுதும்போதுதான், நான்கு நொடியை எந்தக் குறியால் காட்டுவது என்று தடுமாறி, திரும்பத் திரும்பக் கேட்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். “அவருக்கும் அதே மாத்திரைதானுங்களே. ஒரு அட்டை வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறோம்” என்றார். அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவருக்கு இரண்டு முறை மாத்திரையின் அளவை நான் உயர்த்தியிருந்தேன்.

இந்த ஒரு பயிற்சிக்காகவே படிப்பைப் பரிந்துரைக்கலாம். ‘இணைப் பதிவேடு’ என்ற மற்றொரு பயிற்சியும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நோயாளி சொல்லும் கதையைக் கூர்ந்து கேட்பதை மையமாகக் கொண்ட கதைசார் மருத்துவத்தை வளர்த்த ரீட்டா சாரன் உருவாக்கிய முறை அது; மருத்துவமனைக் கோப்பில் இடம்பெற முடியாதவற்றை, நோயாளியைப் பற்றிச் சாதாரண மொழியில் தனியே எழுதிப் பிறர் முன் வாசிக்க வேண்டும். அதை மிகவும் ரசித்தவர்கள் உண்டு. எனக்கு அது சில வாரங்களில் நாட்குறிப்பு எழுதும் சுகமாக மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி குறைகள். பெரிய குறை மொழி. பதிவுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் சமர்ப்பிக்க வேண்டும். தமிழ் மூலத்தை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ‘மேல்’ என்றால் உடம்பு. மலையாளத்திலும் மேல்வேதன என்றால் உடம்பு வலிதான். ‘மேலுக்கு முடியலை’ என்பது காய்ச்சலையும் குறிக்கும், அசதியையும் குறிக்கும், வீட்டில் நிம்மதி இல்லை என்பதையும் குறிக்கும். சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். நான் அதைப் பொதுவான பலவீனம் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப, ‘எந்த உறுப்பில் பலவீனம் என்று குறிப்பிடுக’ என்ற ஓரக்குறிப்புடன் திரும்பி வந்தது. அதேபோல, ஒரே குடும்பத்தில் மாமியார் ‘படபடப்பு’ என்றும், பாலக்காட்டிலிருந்து வந்த மருமகள் ‘வெப்ராளம்’ என்றும் சொன்னவை இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகி, மனநோய்ப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டன. மாமியார் சொன்னது நெஞ்சில் நடப்பது; மருமகள் சொன்னது கையும் காலும் ஓரிடத்தில் நிற்காத பரபரப்பு. நோயாளியின் சொல்லே ஆராய்ச்சியின் மூலப்பொருள் என்று முதல் வகுப்பில் கற்பித்துவிட்டு, அந்தச் சொல்லை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வது எந்த வகையில் நியாயம் என்று எழுதிக் கேட்டேன். ‘மதிப்பீட்டாளர்கள் பல மாநிலத்தவர்’ என்ற பதில் வந்தது. காரணம் உண்மைதான், அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

இரண்டாவது குறைக்கு மன்னிப்பு இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சிக்கும் முன்கூட்டியே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது 2017-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல்களில் தெளிவாக இருக்கிறது. தனியாகக் கிளினிக் நடத்துபவருக்குச் சொந்தமாக அப்படி ஒரு குழு கிடையாது; பதிவுபெற்ற வேறொரு நிறுவனத்தின் குழுவைத்தான் நாட வேண்டும். இதைச் சொல்லித்தரும் பாடம் ஆறாம் மாதத்தில் வருகிறது. பதிவுசெய்யும் வேலையோ மூன்றாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. விளைவாக, இரவு 10 மணிக்கு மேல் உட்கார்ந்து நான் எழுதிமுடித்த 22 பதிவுகளும் வகுப்புப் பயிற்சியாக மட்டுமே நின்றுவிட்டன. முன்தேதியிட்டு ஒப்புதல் தர எந்தக் குழுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. அட்டவணையில் இரண்டு பாடங்களை இடம் மாற்றியிருந்தால் போதும்.

விளம்பரத்தில் ‘கல்விப்புலப் பணிவாழ்க்கைக்கான நுழைவாயில்’ என்று போட்டிருக்கிறார்கள். நம் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராக வேண்டுமானால் பொதுவாக எம்.டி., டி.என்.பி. போன்ற முதுநிலைத் தகுதி வேண்டும், சான்றிதழ் அதற்கு மாற்றாகாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, உரையாடல் திறன் ஆகியவற்றுக்கான பாடம் எல்லா ஆண்டுகளிலும் இருக்கிறது என்பதும், அதை நடத்த ஆர்வமுள்ளவர்கள் தேவைப்படுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த வேலை ஏற்கெனவே கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கே போகிறது. என்னுடன் படித்தவர்களில், உடலியங்கியல் துறையில் விரிவுரையாளராக இருந்த ஒருவருக்குத்தான் இந்தப் படிப்பு நேரடியாகப் பயன்பட்டது.

பயிலரங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை: ஒன்று நன்றாக இருந்தது, மற்றொன்றில் ஒருவர் இரண்டு நாளும் திரையில் இருந்ததை வாசித்தார். வகுப்புக் காணொளிகள் மறுநாளே கிடைத்துவிடுகின்றன. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிவரை நோயாளிகள் காத்திருக்கும் என்னைப் போன்றோருக்கு அது பெரிய உதவி.

கிளினிக்கில் உட்கார்ந்தபடியே தன் வேலையைத் தள்ளி நின்று பார்க்க விரும்புபவர்கள் தாராளமாகச் சேரலாம். வேலை மாறும் எண்ணத்துடன் சேர்பவர்கள் முதலில் எம்.டி.க்கான வழியைப் பார்க்கட்டும். எப்படியானாலும், சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தமிழ் மூலத்தை இணைப்பாக வைக்க அனுமதிப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அனுமதி ஏழாம் மாதத்தில்தான் கிடைத்தது, அதுவும் நான்கு பக்கங்களுக்கு மட்டும்.